மேனரிங்கின் படை பெரிய திரைக்குப் போனபோது

கேள்வி இதுதான்: "'டாட்ஸ் ஆர்மி' என்ற பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பெயரில் 1971இலும் 2016இலும் வந்த இரண்டு திரைப்படங்களையும் பார்த்தேன். அங்கங்கே புன்னகை வந்ததே தவிர, விழுந்து விழுந்து சிரிக்கும்படி ஒன்றும் இல்லை. தொடரே அளவுக்கு மீறிப் புகழப்படுகிறதா, அல்லது படமாக்கியவர்கள் கெடுத்துவிட்டார்களா?"

தொடர் அந்தப் புகழுக்குத் தகுதியானதுதான். படமாக்கியவர்களும் திறமையற்றவர்கள் அல்லர். முதல் படத்தின் திரைக்கதையை எழுதியவர்களே தொடரை எழுதியவர்கள், நடித்தவர்களும் ஏறக்குறைய அதே நடிகர்கள். ஆனால் தொடர் எதைக் காட்டாமல் மறைத்து வைத்துச் சிரிப்பு மூட்டியதோ, அதையெல்லாம் படங்கள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் வைத்துவிட்டன என்பதே என் எண்ணம். அதைப் புரிந்துகொள்ளத் தொடரின் பின்னணியிலிருந்து தொடங்க வேண்டும்.

1940 மே 14 அன்று மாலை, ஜெர்மானியப் படைகள் மேற்கு ஐரோப்பாவை வாரிச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பிரிட்டிஷ் போர்த்துறை அமைச்சர் ஆன்டனி ஈடன் வானொலியில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். வயது முதலிய காரணங்களால் ராணுவத்தில் சேர முடியாதவர்கள் தங்கள் ஊரைக் காக்கத் தன்னார்வலர்களாக முன்வர வேண்டும் என்பதே அது. ஒரு வாரத்துக்குள் சுமார் இரண்டரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். கோடை நடுவில் அந்த எண்ணிக்கை 15 லட்சத்தை நெருங்கியது. கொடுக்கத் துப்பாக்கி இல்லாததால் பல இடங்களில் துடைப்பக் கட்டையையும் வேட்டைத் துப்பாக்கியையும் வைத்துக்கொண்டே பயிற்சி செய்தார்கள். சர்ச்சில் அதற்கு 'ஹோம் கார்டு' என்று பெயர் மாற்றினார். நாம் ஊர்க்காவல் படை என்போம். 1944 டிசம்பரில் அது பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. வாட்ஃபோர்டு நகரில் பதின்ம வயதில் அந்தப் படையில் இருந்த ஜிம்மி பெரி என்ற நடிகர், 1967இல் அந்த நினைவுகளை ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான கதையாக எழுதித் தயாரிப்பாளர் டேவிட் கிராஃப்டிடம் காட்டினார். 'சண்டைப் புலிகள்' என்று பொருள்படும் தலைப்பை அவர் வைத்திருந்தார். பிபிசியின் நகைச்சுவைப் பிரிவுத் தலைவர் மைக்கேல் மில்ஸ்தான் அதை 'டாட்ஸ் ஆர்மி', அதாவது அப்பாக்களின் படை, என்று மாற்றினார். 1968 ஜூலை 31 முதல் 1977 நவம்பர் 13 வரை ஒன்பது பருவங்களாக 80 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. உச்சத்தில் ஓர் அத்தியாயத்தை 1.8 கோடிப் பேர் வரை பார்த்தார்கள்.

கதை நடப்பது வால்மிங்டன்-ஆன்-சீ என்ற கற்பனைக் கடலோர ஊரில். வங்கி மேலாளர் மேனரிங் தன்னைத் தானே கேப்டனாக நியமித்துக்கொள்கிறார். (அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 'மெயின்வாரிங்' என்றுதான் படிக்கத் தோன்றும், உச்சரிப்பு மேனரிங். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இந்த இடைவெளியே அந்த நாட்டின் வர்க்க வித்தைகளில் ஒன்று.) அவருக்குக் கீழே சார்ஜென்ட் வில்சன், வங்கியிலும் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். இங்கேதான் எழுத்தாளர்கள் வைத்த திருப்பம் இருக்கிறது. சாதாரணக் குடும்பத்தில் பிறந்து படிப்பாலும் முயற்சியாலும் மேலே வந்தவர் மேனரிங். மேட்டுக்குடியில் பிறந்து, உயர்ந்த தனியார் பள்ளியில் படித்து, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர் வில்சன். அதிகாரம் ஒருவரிடம், பிறவிச் செருக்கு மற்றவரிடம். மேனரிங் ஓர் உத்தரவு போட்டதும் வில்சன் தாழ்ந்த குரலில் "அது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறீர்களா, சார்?" என்று கேட்கும்போது அந்தக் குட்டை மனிதரின் கழுத்து சிவப்பதை நாம் பார்க்கிறோம். ஆர்தர் லோவும் ஜான் லெ மெசூரியரும் ஒன்பது ஆண்டுகள் இந்த ஒரே உறவை மெருகேற்றிக்கொண்டே போனார்கள்.

மற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களின் சிரிப்புக்குப் பின்னால் உண்மையான போர் இருந்தது. சாந்தமே உருவான முதியவர் காட்ஃப்ரியாக நடித்த ஆர்னல்ட் ரிட்லி, 1916இல் சோம் போர்முனையில் காயம்பட்டவர். பின்னாளில் நாடகாசிரியராகவும் புகழ்பெற்றார். பிணப்பெட்டித் தொழில் செய்யும் ஸ்காட்லாந்துக்காரர் ஃபிரேசராக நடித்த ஜான் லாரியும் முதல் உலகப் போரில் இருந்தவர். எழுபது வயது இறைச்சிக் கடைக்காரர் ஜோன்ஸாக நடித்த கிளைவ் டன்னுக்குத் தொடர் தொடங்கியபோது வயது 48தான். இரண்டாம் போரில் ஜெர்மானியரிடம் சிக்கி, ஆஸ்திரியாவில் ஆண்டுக்கணக்கில் கைதியாக இருந்தவர் அவர்.

இனி ஒரு காட்சியை மட்டும் அருகில் நின்று பார்ப்போம். 1973இல் ஒளிபரப்பான அத்தியாயம். பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளை ஒரு இரவு தேவாலயக் கூடத்தில் காவல் காக்கும் பொறுப்பு மேனரிங்கின் படைக்கு வருகிறது. அந்தக் கப்பலின் தலைவன், தன்னை அவமதிப்பவர்கள் பெயரையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான். ஜெர்மனி வென்ற பிறகு கணக்குத் தீர்க்க. படையின் கடைக்குட்டியான பைக், ஹிட்லரைக் கேலி செய்து ஒரு பாட்டைப் பாடிவிடுகிறான். தலைவன் அவன் பக்கம் திரும்பி, "உன் பெயரும் பட்டியலில் ஏறும். உன் பெயர் என்ன?" என்கிறான். மேனரிங் பதறிக் குறுக்கே பாய்கிறார்: "சொல்லாதே, பைக்!" அவ்வளவுதான். பிரிட்டனில் இன்றும் நினைவுகூரப்படும் தொலைக்காட்சி நகைச்சுவை வரி இது. அதற்குத் தேவைப்பட்டவை ஒரு கூடம், ஒரு குறிப்பேடு, சில முகங்கள், வரி விழுந்த பிறகு கிடைத்த இரண்டு மூன்று விநாடிகள். அந்த விநாடிகளில் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். ஆர்தர் லோ அசையாமல் நிற்கிறார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவர் முகத்தில் மெல்ல உறைக்கிறது.

தொடர் எவற்றையெல்லாம் காட்டவில்லை என்று கணக்கெடுத்தால் வியப்பாக இருக்கும். மேனரிங்கின் மனைவி எலிசபெத்தின் முகத்தை 80 அத்தியாயங்களில் ஒருமுறைகூட நாம் பார்ப்பதில்லை. தொலைபேசியில் அவளிடம் கணவர் குழைவதையும், அவளுக்குப் பயந்து கூடத்திலேயே நேரத்தைக் கடத்துவதையும் வைத்து நாமே ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்கிறோம். எதிரியும் அப்படித்தான். தொடக்கப் பாட்டின்போது ஐரோப்பிய வரைபடத்தில் ஸ்வஸ்திகா வரைந்த அம்புகள் முன்னேறி வருகின்றன, பிரிட்டிஷ் கொடி வரைந்த அம்பு பின்வாங்கி ஓடுகிறது. எதிரி என்றால் பெரும்பாலும் அந்த அம்புகள்தான். முதலில் நாஜிப் படைகளும் அகதிகளும் வரும் உண்மையான போர்க்காலக் காட்சிகளையே தொடக்கத்தில் வைக்க நினைத்தார்கள். பிபிசி ஒன்று அலைவரிசையின் பொறுப்பில் இருந்த பால் ஃபாக்ஸ் ஒரு நகைச்சுவைத் தொடருக்கு அது பொருந்தாது என்று தடுத்துவிட்டார். நிர்வாகி ஒருவரின் தயக்கம் ஒரு படைப்புக்கு நன்மை செய்த அரிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று. பின்னாளில் எப்போதாவது ஒரு ஜெர்மானியன் தலைகாட்டினாலும், ஒருவன் ஊர்க் கடிகாரக் கோபுரத்தில் பாராசூட் மாட்டித் தொங்கிக்கொண்டிருப்பான், இன்னொருவன் தன் உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவான். இல்லாத எதிரிக்காக ஓயாமல் ஆயத்தம் செய்யும் மனிதர்கள் என்பதுதான் வேடிக்கை. அவன் வந்தால் இவர்கள் சாவார்கள் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும் என்பதுதான் அந்த வேடிக்கைக்கு அடியில் ஓடும் கனம்.

இந்தப் பின்னணியோடு 1971க்கு வருவோம். அறுபதுகளின் இறுதியில், பிரிட்டிஷ் படங்களுக்குக் கொட்டிக்கொண்டிருந்த அமெரிக்க முதலீடு வற்றத் தொடங்கியது. திரையரங்குக்கு வரும் கூட்டமும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. மக்கள் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தார்கள் என்றால், அவர்கள் அங்கே பார்ப்பதையே அரங்குக்குக் கொண்டுவருவது என்று தயாரிப்பாளர்கள் முடிவு செய்தார்கள். பெரும்பாலான வீடுகளில் அப்போது கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் இருந்தது. பதிவு செய்து வைத்துப் பார்க்க வீடியோ இல்லை. ஆகவே பிடித்த பாத்திரங்களை வண்ணத்தில், பெரிதாகப் பார்க்கலாம் என்பதே டிக்கெட் வாங்கப் போதுமான காரணமாக இருந்தது. பேய்ப் படங்களுக்குப் பெயர்போன ஹேமர் நிறுவனம் 'ஆன் த பஸஸ்' தொடரை 1971இல் படமாக்கியது. பிரிட்டனில் அந்த ஆண்டின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று அது, அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு தொடர்ச்சிப் படங்களும் வந்தன. அந்தப் படங்களைத் தரத்துக்காக யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கல்லா நிறைந்தது என்பதே அப்போது முக்கியம்.

'டாட்ஸ் ஆர்மி'யைப் படமாக்கப் பணம் போட்டது கொலம்பியா பிக்சர்ஸ். இயக்கியவர் நார்மன் கோஹன். அதற்கு முன்பே 'டில் டெத் அஸ் டூ பார்ட்' தொடரின் திரைவடிவத்தையும் இயக்கியவர் அவர். 1970 கோடையில் எடுத்து 1971 மார்ச்சில் வெளியிட்டார்கள். பணம் போட்டவர்கள் சில மாற்றங்களையும் கேட்டார்கள். நார்ஃபக் மாவட்டத்துத் தெட்ஃபோர்டில் வழக்கமாக எடுக்கப்பட்ட வெளிப்புறக் காட்சிகள் பக்கிங்ஹாம்ஷயரின் சால்ஃபன்ட் செயின்ட் ஜைல்ஸுக்கு இடம் மாறின. கடலோர ஊருக்காகத் தேர்ந்தெடுத்தது கடலே இல்லாத ஓர் உள்நாட்டுக் கிராமம். பைக்கின் அம்மாவாக ஜேனட் டேவிஸுக்குப் பதில், திரையுலகில் பெயர் தெரிந்த லிஸ் ஃபிரேசர் வந்தார். இவையெல்லாம் சில்லறை விஷயங்கள். பெரிய மாற்றம், ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் பிரெஞ்சுக் கரையில் இருக்கும் ஜெர்மானியத் தளபதிகளைக் கண்முன் நிறுத்தியதுதான். அம்பு மனிதனாகிவிட்டது. வேடிக்கையான தளபதி ஒருவனை நாம் பார்த்த கணத்திலேயே, இந்தக் கரையில் நிற்கும் கிழவர்கள் மீது நமக்கிருந்த அச்சம் கலந்த பரிவு பாதி கரைந்துபோகிறது.

கதையும் ஒன்றல்ல. படை உருவாவது, வார இறுதி ராணுவப் பயிற்சிக்குப் போய்ச் சொதப்புவது, விமானம் வீழ்த்தப்பட்டு ஊருக்குள் புகுந்த மூன்று ஜெர்மானியர்களை எதிர்கொள்வது என மூன்று அரைமணி நேரக் கதைகளை ஒட்டித் தைத்து 95 நிமிடமாக்கியிருக்கிறார்கள். நடுப்பகுதியில் ஜோன்ஸின் வண்டி பழுதாகி, ஒரு நீராவிச் சாலை உருளையின் பின்னால் கட்டி இழுக்கப்பட்டு, உருளை கட்டுப்பாட்டை இழந்து ராணுவக் கூடாரங்களை நசுக்குகிறது. பணம் செலவழித்து எடுத்த காட்சி. ஆனால் அதில் யார் இருந்தாலும் ஒன்றுதான். கூடாரம் நசுங்குவதைப் பார்த்துச் சிரிக்க மேனரிங் தேவையில்லை. பெட்டிச் சட்டத்துக்குள் இரண்டு முகங்களை நெருக்கி வைத்து வளர்ந்த ஒரு கலையை, அகலத் திரை கிடைத்துவிட்டதே என்று வயல்வெளியில் இறக்கிவிட்டால் இதுதான் நடக்கும்.

நேரக் கணக்கும் இன்னொரு சிக்கல். தொடரின் உட்புறக் காட்சிகள் பார்வையாளர்கள் முன்னிலையில் நடிக்கப்பட்டவை. நடிகர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார், அந்தக் காத்திருப்பை அவர் முகபாவத்தால் நிரப்புவார், அதுவே அடுத்த சிரிப்பைத் தரும். திரைப்படத்தில் அந்தக் கூட்டம் இல்லை. அரங்கில் எங்கே சிரிப்பார்கள், எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்பதை முன்கூட்டியே ஊகித்து வெட்ட வேண்டும். இடைவெளி விட்டால் பாதி காலியான அரங்கில் மௌனம் தொங்கும்; விடாவிட்டால் வசனம் வசனத்தின் மேல் ஏறும். லெ மெசூரியரின் நடிப்பில் பெரும் பங்கு அந்த இடைவெளியில்தான் இருந்தது. 1971 படத்தில் பல இடங்களில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

இத்தனை சொன்னாலும், அந்தப் படத்தின் கடைசிப் பகுதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த மூன்று ஜெர்மானியர்களும் தேவாலயக் கூடத்தில் ஊர் மக்களைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வெளியே முறையான ராணுவமும் காவல்துறையும் இது யாருடைய பொறுப்பு என்று தயங்கி நிற்க, மேனரிங்கின் ஆட்கள் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளை மாட்டிக்கொண்டு, துதிப்பாட்டுப் பாடியபடி உள்ளே நுழைகிறார்கள். மேனரிங் நேராக நடந்துபோய் ஜெர்மானிய அதிகாரியின் துப்பாக்கிக்கு முன் நிற்கிறார், தன் துப்பாக்கியை நீட்டுகிறார், அவன் எண்ணத் தொடங்கியும் நகர மறுக்கிறார். இது மீண்டும் ஒரு கூடம்தான், மீண்டும் முகங்கள்தான். மமதையும் பெருமிதமும் கொண்ட இந்தக் குட்டை மனிதர் கோழை அல்லர் என்பதைத் தொடர் ஆண்டுக்கணக்கில் சாடையாகச் சொல்லிவந்தது. படம் அதை ஒரே காட்சியில் நிரூபிக்கிறது. அவரைக் கிண்டல் செய்து சிரித்த நமக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

இந்தச் சிக்கல் 'டாட்ஸ் ஆர்மி'க்கு மட்டும் உரியதல்ல. துணிக்கடைக்குள்ளேயே நடந்த 'ஆர் யூ பீயிங் சர்வ்டு' தொடரை 1977இல் படமாக்கியபோது, பாத்திரங்களை ஸ்பெயினுக்குச் சுற்றுலா அனுப்பிவிட்டார்கள். கடையும் அதன் படிநிலையும் போனதும் நகைச்சுவையும் போனது. இதற்கு நேர்மாறான நல்ல உதாரணம், சிறைச்சாலையில் நடக்கும் 'பாரிட்ஜ்' தொடரின் 1979ஆம் ஆண்டுப் படம். 1978இல் நேர்ந்த ஒரு தீ விபத்தால் காலியாகக் கிடந்த செம்ஸ்ஃபோர்டு சிறையிலேயே அதை எடுத்தார்கள். கதைப்படி இருவர் தற்செயலாகச் சிறைக்கு வெளியே வந்துவிடுகிறார்கள். படத்தின் மீதிப் பகுதி, யாருக்கும் தெரியாமல் அவர்கள் மறுபடியும் உள்ளே நுழையப் படும் பாடு. படம் எடுக்கிறோம் என்பதற்காகப் பாத்திரங்களை வெளியே கொண்டுவர வேண்டியிருந்த கட்டாயத்தையே கதையின் கருவாக்கிவிட்டார்கள்.

2016 படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயக்கம் ஆலிவர் பார்க்கர், எழுத்து ஹாமிஷ் மெக்கால். டோபி ஜோன்ஸ், பில் நை, டாம் கோர்ட்னி, மைக்கேல் காம்பன் என்று பிரிட்டனின் மிகச் சிறந்த நடிகர்களையே திரட்டியிருந்தார்கள். யார்க்ஷயரின் பிரிட்லிங்டனில் எடுத்தார்கள். டோபி ஜோன்ஸ் ஆர்தர் லோவைப் பிரதி எடுக்காமல் மேனரிங்கின் உள்ளே ஏதோ ஒரு காயத்தைத் தேடுகிறார். அது மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் 1944இல் நடக்கும் கதையில் கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ் ஒற்றராக வருகிறார், முடிவில் கடற்கரையில் துப்பாக்கிச் சண்டை நடக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, எலிசபெத் மேனரிங் நேரில் வந்து நிற்கிறார். ஃபெலிசிட்டி மான்டகு குறையில்லாமல்தான் நடித்திருக்கிறார். ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொருவரும் தம் மனத்தில் வளர்த்து வைத்திருந்த எலிசபெத்துக்கு எந்த நடிகையால் ஈடு கொடுக்க முடியும்? பழைய நடிகர்களில் இயன் லாவெண்டரும் ஃபிராங்க் வில்லியம்ஸும் சிறு வேடங்களில் தோன்றுகிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் தொடரின் வாடை வீசுகிறது.

காட்டாமை பற்றி நான் சொல்வது வெறும் ஊகம் அல்ல என்பதற்குச் சான்று வானொலி வடிவம். ஹெரால்டு ஸ்னோடும் மைக்கேல் நோல்ஸும் தொலைக்காட்சிக் கதைகளை மாற்றி எழுத, 1974 முதல் 1976 வரை 67 அத்தியாயங்களாக பிபிசி வானொலியில் அவை ஒலிபரப்பாயின. அங்கே எதிரியும் இல்லை, எலிசபெத்தும் இல்லை, மேனரிங்கே கண்ணுக்குத் தெரிய மாட்டார். ஆனாலும் அந்த வடிவம் தொடருக்கு மிக அருகில் நிற்கிறது. தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவத்து மூன்று அத்தியாயங்கள், அக்காலத்து பிபிசி வழக்கப்படி நாடாக்கள் அழிக்கப்பட்டதால் தொலைந்துபோயின. 2019இல் அவற்றைப் புதிய நடிகர்களைக் கொண்டு, பழைய பாணியில், ஸ்டூடியோவிலேயே மறுபடி எடுத்தார்கள். கெவின் மெக்னலி மேனரிங், ராபர்ட் பாதர்ஸ்ட் வில்சன். பெரிய திரையின் பகட்டு எதுவும் இல்லாத அந்த மூன்றும், என் கணிப்பில், 2016 படத்தைவிடச் சிரிக்க வைக்கின்றன.

எனவே படங்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். 1968இன் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். அது கறுப்பு வெள்ளையில் இருக்கும், மூன்றாம் பருவத்திலிருந்துதான் வண்ணம். பிறகு, மேலே சொன்ன 1973 அத்தியாயம். அதற்குப் பின் 1971 படத்துக்குத் திரும்பினால், சாலை உருளைக் காட்சியைப் பொறுத்துக்கொள்ளவும் தேவாலயக் கூடத்தில் நடக்கும் கடைசிக் காட்சியை ரசிக்கவும் முடியும். கடைசியாக 1977இன் இறுதி அத்தியாயத்தைப் பாருங்கள். ஜோன்ஸுக்குக் கல்யாணம் முடிந்த அன்றே காவல் பணிக்கு அழைப்பு வந்துவிடுகிறது. விமானத் தாக்குதல் எச்சரிக்கைக் காவலராக இருக்கும் காய்கறிக் கடைக்காரர் ஹாட்ஜஸ், உண்மையான வீரர்கள் முன் நீங்கள் எம்மாத்திரம் என்று ஏளனம் செய்துவிட்டுப் போகிறார். கிழவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறார்கள். பிறகு கையிலிருக்கும் குவளைகளை உயர்த்தி, கேமராவை, அதாவது நம்மை, நேராகப் பார்த்து, பிரிட்டனின் ஊர்க்காவல் படைக்காகக் குடிக்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.